நோய்க் கணக்கு முடிந்தது, உடம்புக் கணக்கு முடியவில்லை

வங்கியில் சாயங்காலம் கணக்கு நேராகவில்லை என்றால் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு ரூபாய் இடித்தாலும் உட்கார்ந்து தேடணும். பதினோரு வருசமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். அப்படித் தேடிப் பழகிய நான், என் அம்மாவின் ஆஸ்பத்திரித் தாள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிப் பரண் மேல் போட்டு வைத்திருந்தேன். நாலு வருசம் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பார்க்கவில்லை. அந்தக் குற்ற உணர்விலிருந்துதான் இதை எழுதத் தொடங்குகிறேன். ஆனால் ஒரு மகனின் புலம்பலாக இது முடிந்துவிடக் கூடாது என்பதால் தோழர்கள் முன்னால் வைக்கிறேன்.

2015-ல் அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்று என்று தெரிந்தது. கொள்ளிடத்துக்கு வடகரையில், லால்குடிப் பக்கம் எங்கள் சேரி. நடவு, களையெடுப்பு, வாழைக்கட்டை சுமப்பது என்று கூலி வேலை. வெள்ளைப்படுவதும் ரத்தம் போவதும் ஒன்றரை வருசமாக இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது முற்றிப் போயிருந்தது, அறுவை செய்ய முடியாது என்றார்கள். கரண்டு வைக்கணும் என்றார்கள். நம்ம சனங்க கதிர் சிகிச்சையை அப்படித்தான் சொல்லும். 25 நாள் வெளியிலிருந்து கரண்டு. வாரம் ஒருமுறை குளுக்கோஸ் பாட்டிலோடு சிஸ்பிளாட்டின் என்ற மருந்து. கடைசியில் மூணு தடவை உள்ளே குழாய் வைத்துக் கதிர். அரசுக் காப்பீட்டு அட்டை இருந்ததால் பெரிய செலவில்லை. முடிந்ததும், 'கட்டி கரைஞ்சு போச்சும்மா, நீங்க பொழச்சிக்கிட்டீங்க' என்றார் டாக்டர். அம்மா அந்த ஆளைக் கும்பிட்டது. நானும் கும்பிட்டேன்.

இதில் எனக்கு இப்பவும் மாற்றமில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதிர் வேண்டாம், கீமோ வேண்டாம் என்று பேச நான் வரவில்லை. 'கரண்டு வச்சா உடம்பு கருகிப் போயிரும், வேர் மருந்து சாப்பிடு' என்று சொல்லிக் காசு பிடுங்கும் கூட்டம் ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டிலும் இருக்கிறது. அவர்களுக்கு என் கட்டுரையிலிருந்து ஒரு வரி கூடப் பயன்படக் கூடாது. அம்மா இன்றைக்கு உயிரோடு இருப்பது அந்தக் கதிரால்தான். என் கேள்வி வேறு. பிழைக்க வைத்த உடம்புக்கு அப்புறம் யார் பொறுப்பு?

2017 வாக்கில் அம்மாவுக்கு மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. மூலம் என்று ஒரு டாக்டர் சொன்னார். மூலத்துக்கு மாத்திரை, மூலத்துக்குக் களிம்பு, மூலத்துக்கு நாட்டு மருந்து. ரெண்டு வருசம் ஓடியது. மூச்சு வாங்கி, முகம் வெளுத்து, 2019-ல் தூக்கிக்கொண்டு போனபோது ரத்த அளவு 6. அங்கே பணியிலிருந்த ஓர் இளம் பெண் டாக்டர்தான் கேட்டார், 'அம்மா, முன்னாடி உங்களுக்குக் கரண்டு வச்சிருக்காங்களா?' ரெண்டு வருசத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். பரணிலிருந்து பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்தத் தாளில் தெளிவாக இருந்தது, 25 தவணை, மொத்தம் 50 கிரே. இங்கிலீசில் இருந்தது. நானும் பட்டதாரிதான். எண்களைத்தான் தினமும் படிக்கிறேன். அந்த எண்ணை மட்டும் நான் படிக்கவில்லை.

அது மூலம் இல்லை. கதிர் பட்ட மலக்குடலில் வருசங்கள் கழித்து வரும் புண்.

இது எப்படி நடக்கிறது என்று டாக்டர்களைக் கேட்டும் புத்தகங்களைப் பார்த்தும் தெரிந்துகொண்டதை நம்ம மொழியில் சொல்கிறேன். கருப்பைவாய்க்கு முன்னால் மூத்திரப்பை. பின்னால் மலக்குடல். இடையில் விரல்கடை தூரம்தான். கட்டிக்குப் போகிற கதிர் நல்ல சதையைத் தாண்டித்தான் போக வேண்டும். கதிர் செல்லுக்குள்ளே மரபு இழையை அறுக்கிறது. அறுந்ததைச் சரிபார்த்து ஒட்டிக்கொள்ளும் திறமை நல்ல செல்லுக்கு அதிகம், புற்றுச் செல்லுக்குக் குறைவு. அதனால்தான் ஒரே நாளில் முழுக்கக் கொடுக்காமல் தினம் கொஞ்சமாக, 25 தவணையாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ரெண்டு தவணைக்கு இடையில் நல்ல சதை தேறிக்கொள்ளட்டும் என்று.

ஆனால் முழுசாகத் தேறுவதில்லை. சிகிச்சை நடக்கும்போது வருகிற வயிற்றுப்போக்கு, தோல் கறுப்பது, வாய்ப்புண் எல்லாம் சில வாரத்தில் ஆறிவிடும். அது கண்ணுக்குத் தெரிகிற கதை. இன்னொரு கதை ஆறு மாசம், ரெண்டு வருசம், சிலருக்குப் பத்து வருசம் கழித்து வருகிறது. கதிர் பட்ட இடத்தில் மயிரிழை மாதிரியான ரத்தக் குழாய்கள் மெல்ல மெல்லத் தடித்து அடைபடும். ரத்தம் போகாத சதை நார் மாதிரி இறுகும். இறுகிய இடத்தில் புதுசாக முளைக்கிற குழாய்கள் மெலிசானவை, லேசாக உரசினாலே உடையும். மலக்குடலில் உடைந்தால் மலத்தில் ரத்தம். மூத்திரப்பையில் உடைந்தால் மூத்திரத்தில் ரத்தம். சிலருக்கு ரெண்டுக்கும் நடுவே ஓட்டையே விழுந்துவிடும். பெண்ணுறுப்பு சுருங்கும், ஒட்டிக்கொள்ளும். சினைப்பை செத்துப்போவதால் நாற்பது வயசுக்காரிக்கும் ஒரே மாசத்தில் தீட்டு நின்று, எலும்பு பலம் குறைய ஆரம்பிக்கும். தொடையிடுக்கில், அடிவயிற்றில் நிணநீர் முடிச்சுகள் கெட்டுப் போனால் கால் வீங்கும். சிஸ்பிளாட்டின் நரம்பைத் தொட்டால் விரல் மரத்துப் போகும். அம்மாவுக்கு ரூபாய் நோட்டை எண்ணும்போது ஒன்றா ரெண்டா என்று விரலுக்குத் தெரியவில்லை. எச்சில் தொட்டு நாலு தடவை எண்ணும். கூலியில் ஏமாந்த நாளும் உண்டு.

எல்லாருக்கும் எல்லாமும் வருவதில்லை. பலருக்கு ஒன்றுமே வராமல் நல்லபடியாக வாழ்கிறார்கள். வந்தாலும் மருத்துவம் இருக்கிறது. மலக்குடலில் ரத்தம் கசியும் இடத்தை உள்நோக்கி வழியாகச் சுட்டு அடைக்கிறார்கள். அம்மாவுக்கு ரெண்டு தடவை செய்தார்கள், ரத்தம் நின்றது. மூலம் என்று நினைத்துக்கொண்டு அங்கே கத்தி வைத்திருந்தால், ரத்த ஓட்டமில்லாத சதை ஆறாமல் பெரிய கேடாகியிருக்கும். ஆக, ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், ஒரு தாள் தமிழில் இருந்திருந்தால் போதும். ரெண்டு வருச ரத்தம் மிஞ்சியிருக்கும்.

*

இங்கே ஒரு தோழர் கேட்டார். 'இது மருத்துவப் பிரச்சினை. இதில் தலித் அரசியல் எங்கே வருது? அக்கிரகாரத்து அம்மாவுக்கும் கதிர் பட்டால் குடல் வேகத்தானே செய்யும்?'

வேகும். கதிருக்குச் சாதி தெரியாது. ஆனால் கதிருக்கு முன்னாலும் பின்னாலும் இருப்பதெல்லாம் சாதி தெரிந்தவை.

முன்னால் இருப்பதைப் பார்ப்போம். கருப்பைவாய்ப் புற்று திடீரென்று வருவதில்லை. பல வருசம் முன்னறிகுறியாக உட்கார்ந்திருக்கும். அப்போதே கண்டுபிடித்தால் கதிரே தேவையில்லை, அந்த இடத்தை மட்டும் உறைய வைத்தோ சுட்டோ எடுத்துவிடலாம். இதற்குப் பெரிய மிசின் வேண்டாம். நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர் மாதிரியான திரவம், ஒரு விளக்கு, பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் போதும். நம்ம திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில்தான் இதைச் செய்து காட்டினார்கள். ஒரே ஒரு தடவை பரிசோதனை செய்ததில் நோய் வருவது 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்தது என்று 2007-ல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. திண்டுக்கல் திருச்சிக்குப் பக்கம்தான். 2015 வரைக்கும் அந்தச் செய்தி எங்கள் சேரிக்கு வந்து சேரவில்லை. நூறு கிலோமீட்டரை எட்டு வருசத்தில் கடக்க முடியாத செய்தி!

தாமதமாக வந்தால் கட்டி பெரிசு. கட்டி பெரிசென்றால் கதிர் விழும் பரப்பும் பெரிசு. பரப்பு பெரிசென்றால் வேகிற நல்ல சதையும் அதிகம். டாக்டர்கள் இதற்கு 'அறியாமை' என்று பேர் வைக்கிறார்கள். அம்மாவுக்கு அறியாமை இல்லை. ஒருநாள் கூலி போனால் அடுத்த நாள் சோறு கிடையாது என்ற அறிவு இருந்தது. ஆஸ்பத்திரி வரிசையில் 'எந்தத் தெரு' என்று கேட்பார்கள் என்ற அறிவும் இருந்தது.

பின்னால் இருப்பதைப் பார்ப்போம். கால் வீங்கினவர்களுக்கு ஆஸ்பத்திரியில் சொல்லும் அறிவுரை இது: வெறுங்காலோடு நடக்காதீங்க, காலில் காயம் படாமப் பாத்துக்குங்க, ரொம்ப நேரம் நிக்காதீங்க, ஈரத்தில் நிக்காதீங்க. எல்லாமே சரியான அறிவுரை. சின்னக் கீறல் போதும், சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்துவிடும். ஆனால் நடவு வயலில் செருப்புப் போட்டுக்கொண்டு, ஈரமில்லாமல், நிற்காமல் நாற்று நடுவது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. மெத்தையில் காலைத் தூக்கி வைத்துக்கொள்ளும் உடம்புக்காக எழுதிய அறிவுரையைச் சேற்றில் நிற்கிற உடம்புக்குப் படித்துக் காட்டுகிறார்கள்.

அடக்க முடியாமல் வயிறு போவதும், அடிக்கடி மூத்திரம் வருவதும் கக்கூஸ் இருக்கிற வீட்டில் ஒரு நோய். கக்கூஸ் இல்லாத வயக்காட்டில் அது அவமானம். லால்குடியிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டுமென்றால் அம்மா முதல் நாள் ராத்திரியே சாப்பாட்டை நிறுத்திவிடும். பரிசோதனைக்கு வருகிறவள் பட்டினியோடு வருகிறாள். ரத்தம் ஏன் ஏறவில்லை என்று அங்கே அவளைத்தான் திட்டுகிறார்கள்.

*

நான் சீரங்கத்தில் வாடகைக்கு இருக்கிறேன். அங்கே 'நீங்க என்ன ஆளுங்க' என்று யாரும் கேட்பதில்லை. 'சைவமா' என்று கேட்பார்கள். வேலை வங்கியில் என்பதால் ஒருவழியாக வீடு கிடைத்தது. 2019-ல் ஆஸ்பத்திரிக்காக அம்மா வந்து பத்து நாள் தங்கியது. துணியைத் துவைத்து மொட்டை மாடியில் காயப் போட்டிருக்கிறது. கறை முழுசாகப் போகவில்லை. வீட்டுக்கார அம்மா படியேறி வந்து, 'இந்த வயசுல இதென்ன, தீட்டுத் துணியெல்லாம் மாடில போடாதீங்கோ, கீழ பூஜை ரூம் இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அப்போது வேலையில் இருந்தேன். அம்மா யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டது. 'ஏம்மா?' என்று போனில் கேட்டேன். 'ஆட்டுக்குத் தழை ஒடிக்க ஆளில்ல தம்பி' என்றது. உண்மையை ஆறு மாசம் கழித்து அக்காதான் சொன்னது.

திருப்பாணாழ்வார் கதை இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். உறையூர்ப் பாணர். தீண்டாத சாதி என்பதால் சீரங்கத்தில் கால் வைக்காமல் காவிரித் தென்கரையில் நின்று பாடினார். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்கர் என்ற அர்ச்சகர் கல்லெறிந்தார். நெற்றியில் ரத்தம். அப்புறம் பெருமாள் கட்டளைப்படி அதே அர்ச்சகர் அவரைத் தோளில் சுமந்து போனார், அவர் சந்நிதியில் கலந்துவிட்டார் என்று கதை முடிகிறது. நானும் சின்ன வயசில் இதைக் கேட்டு அழுதிருக்கிறேன். இப்போது ஒரு கேள்வி வருகிறது. நெற்றிக் காயம் என்ன ஆச்சு? உள்ளே சேர்த்துக்கொண்டோம் என்ற பெருமையில் கதை முடிந்துபோகிறது. கல் பட்ட இடத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை. 'நோய் குணமாச்சு' என்று ஃபைலை மூடும்போதும் இதுதான் நடக்கிறது. வென்ற கதையைச் சொல்ல ஆளிருக்கிறது, காயத்தைச் சொல்ல ஆளில்லை.

நம்மிலும் ஆளில்லை, தோழர்களே. அதையும் சொல்லித்தான் ஆகணும். என் கவிதைகளில் பெண்ணுடம்பைப் பற்றி எவ்வளவோ கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறேன். மேடையில் வாசித்துக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன். சிகிச்சை முடிந்த வருசமே அப்பா தன் பாயை எடுத்துத் திண்ணையில் போட்டுக்கொண்டார். ஏன் என்று அம்மாவிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. பெண்ணுறுப்பு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சிகிச்சை முடிந்த சில வாரத்திலேயே பயிற்சி தொடங்க வேண்டும், அதற்கென்று சின்னக் கருவி இருக்கிறது. இதை அம்மாவிடம் எந்தச் செவிலியரும் சொல்லவில்லை. நாற்பத்தெட்டு வயசு கூலிக்காரிக்கு அதெல்லாம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தானே நினைத்திருக்கிறேன்?

*

உழைக்கிறவர்களின் உடம்பை எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், அப்புறம் கணக்குக் கேட்க மாட்டார்கள் என்ற நினைப்பு நம்ம ஊருக்கு மட்டும் உரியதில்லை. ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண். அமெரிக்காவில் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்து வளர்ந்தவர். 1951-ல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பைவாய்ப் புற்றுக்கு ரேடியம் வைத்தார்கள். அவரைக் கேட்காமலே அவர் கட்டியிலிருந்து செல்களை எடுத்தார்கள். அதே வருசம் அக்டோபரில் அவர் இறந்துபோனார். செல்கள் சாகவில்லை, உலகம் முழுக்க ஆய்வகங்களில் இன்றும் வளர்கின்றன. அந்தச் செல்களை வைத்துப் பிழைத்த ஒரு நிறுவனம் அவர் குடும்பத்தோடு சமரசத்துக்கு வந்தது 2023-ல். சின்சினாட்டியில் 1960 முதல் 1971 வரை புற்றுநோயாளிகளின் முழு உடம்பிலும் கதிரைச் செலுத்தினார்கள். பணம் கொடுத்தது அமெரிக்க ராணுவத் துறை. அணுகுண்டுப் போரில் சிப்பாய் எவ்வளவு தாங்குவான் என்று அதற்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆளானவர்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பர்கள். எதற்காக என்று அவர்களுக்குச் சொல்லவில்லை.

நம்ம ஆஸ்பத்திரிகளில் நடப்பது இந்த மாதிரிக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. அங்கே ராத்திரி பகலாக உழைக்கிற டாக்டர்களையும் செவிலியர்களையும் பார்த்திருக்கிறேன். 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி நம்ம புதுக்கோட்டைக்காரர், தேவதாசி மரபில் பிறந்த தாயின் மகள். தங்கை புற்றுநோயில் செத்ததைப் பார்த்து வந்த வைராக்கியம் அது. ஆனால், சொல்லாமல் விடுவது என்பதில் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. கையெழுத்து வாங்கும் தாளில் எல்லாம் எழுதியிருக்கிறது, வாங்குகிற நிமிசத்தில் ஒன்றும் சொல்வதில்லை. இவளுக்குச் சொன்னால் புரியுமா என்ற சந்தேகம் மருத்துவப் படிப்பில் வந்ததில்லை, அதற்கு முன்னாலேயே வந்தது.

வாய்ப்புற்றும் இதே கதைதான். உறையூர்ச் சுருட்டு லண்டன் வரைக்கும் பேர் போனது. ஷெர்லாக் ஹோம்ஸ் முதல் கதையில், 1887-லேயே, திருச்சிச் சுருட்டின் சாம்பலை வைத்துத் துப்புத் துலக்குவார். புகையிலை உருட்டிய கைகளும் அதை அதக்கிய வாய்களும் யாருடையவை என்று எந்தத் துப்பறியும் கதையும் எழுதவில்லை. என் சித்தப்பா ஒருத்தர் தாடையில் கதிர் வாங்கியவர். எச்சில் சுரப்பி கெட்டு வாய் காய்ந்து, ஒரு வாய் சோற்றுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். எச்சில் இல்லாத வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும். கதிர் பட்ட தாடையில் பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்துப் போகலாம். அதனால் கதிர் வைப்பதற்கு முன்னாலேயே பல் டாக்டர் பார்த்து, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிவிட வேண்டும். அவரை யாரும் பல் டாக்டரிடம் அனுப்பவில்லை. சிகிச்சை முடிந்த மறுவருசம் பல் வலி தாங்காமல் உள்ளூரில் பிடுங்கிக்கொண்டார். எலும்பு இன்றைக்கும் வெளியே தெரிகிறது.

*

என்ன கேட்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சிகிச்சை முடிந்து அனுப்பும்போது தமிழில் ஒரு தாள் வேண்டும். உடம்பில் எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர், என்ன மருந்து, இனி வருசங்கள் கழித்து என்னென்ன வரலாம், வந்தால் எங்கே வரணும். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு பெண் செவிலியர் உட்கார்ந்து சொல்லணும், படுக்கை விசயம் உட்பட. வாய், தாடைக்குக் கதிர் வைக்கும் முன்னால் பல் பரிசோதனை கட்டாயமாகணும். சிகிச்சையால் வந்த கேட்டுக்கு மருத்துவம் பார்ப்பது அந்தச் சிகிச்சையின் பகுதி என்று அரசும் காப்பீடும் ஏற்கணும், ஆயுசுக்கும். கால் வீங்கினவர்களுக்கு நூறு நாள் வேலையில் சேறில்லாத வேலை ஒதுக்கணும். மாவட்ட அரசு மருத்துவமனையில், பிழைத்தவர்களுக்கென்று வாரத்தில் ஒருநாளாவது தனிப் பிரிவு வேண்டும்.

அரசிடம் கேட்பது இவ்வளவு. நம்மிடம் கேட்பது ஒன்று. மாணவத் தோழர்கள் சேரிக்குப் போகும்போது சாதிக் கொடுமைக் கணக்கெடுக்கிறீர்கள், நிலக் கணக்கெடுக்கிறீர்கள். 'உங்க வீட்ல யாருக்காவது கரண்டு வச்சாங்களா, இப்ப எப்படி இருக்காங்க' என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரணில் இருக்கும் பையை எடுத்துப் படித்துச் சொல்லுங்கள். கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு அம்மாக்களை அழைத்துப் போங்கள். பெண் பிள்ளைகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி பற்றிப் பேசுங்கள். தடுப்பதுதான் நல்ல சதையைக் காப்பாற்றும் முதல் வழி.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். வாசலில் உட்கார்ந்து அந்தத் தாளை முதல் வரியிலிருந்து அம்மாவுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். அக்கா பக்கத்தில் இருந்தது. சொல்லக் கூசிய இடத்தை அக்கா வாங்கிப் படித்தது. அம்மா முழுசையும் கேட்டுவிட்டு, 'இதெல்லாம் அன்னைக்கே சொல்லியிருந்தா, என் உடம்புதான் கெட்டதுன்னு இத்தன வருசம் நெனச்சிருக்க மாட்டேனே தம்பி' என்றது.

கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்துத் தெருவில் இன்னொருத்தி இருக்கிறாள், அவளுக்கும் போன வருசம் கரண்டு வைத்தார்கள், அவள் தாளையும் பார்த்துச் சொல்லு என்று என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனது.